வீட்டுக்குள் ஒரு முயல்

நாய்க்கு வலித்தால் முனகும். பூனைக்குப் பசித்தால் காலைச் சுற்றி வந்து கத்தும். தாகம் எடுத்தால் மாடு குரல் கொடுக்கும். முயல் இப்படி எதுவும் செய்யாது. மூலையில் போய் உட்கார்ந்து கொள்ளும். உயிர்ப் பயம் வந்தால் மட்டும் ஒரு முறை வீறிடும்.

ஏன் அப்படி?

காட்டில் முயலைத் தின்னப் பல உயிர்கள் காத்திருக்கும். நரி தேடும். கழுகு வட்டமிடும். நோயுற்ற முயல் எது என்று தெரிந்தால், அதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் முயல் தன் வலியை வெளியே காட்டாது. வீட்டுக்குள் வந்த பிறகும் அந்தக் குணம் போவதில்லை.

ஆகவே முயல் வளர்ப்பவர் காதை நம்பக் கூடாது. கண்ணைத்தான் நம்ப வேண்டும். முயல் தின்றதா? புழுக்கை போட்டதா? இந்த இரண்டையும் தினமும் பார்க்க வேண்டும்.

அட்டைப் பெட்டியில் வந்தது

பெங்களூருவில் ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். அப்பா பெயின்ட் அடிப்பவர். மகளுக்கு 10 வயது. அப்பாவின் தாயாரும் கூட இருக்கிறார். ஒரே அறை. ஒரு சிறிய சமையல்கட்டு. அம்மா எழுதப் படிக்கக் கற்று ஓர் ஆண்டுதான் ஆகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு வெள்ளை முயல். சிவப்புக் கண். மகள் துள்ளிக் குதித்தாள். "வெள்ளச்சி" என்று அப்போதே பெயர் வைத்து விட்டாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"நமக்கே இடம் இல்லை. இது எதுக்குங்க?"

"பாப்பா ரொம்ப நாளா கேட்டுச்சு. ஒரு மூலையில கிடக்கட்டும். தினம் ரெண்டு கேரட் போட்டா போதும்னு விக்கிறவர் சொன்னார். தண்ணியே வேண்டாமாம்."

பாட்டியும் ஆமோதித்தார். "ஆமாண்டா. தண்ணி பட்டா முயல் செத்துப் போகும்."

மூலை போதும் என்றார்கள். கேரட் போதும் என்றார்கள். தண்ணீர் வேண்டாம் என்றார்கள். மூன்றுமே தவறு. இந்தத் தவறுகளால்தான் வாங்கிய சில வாரங்களில் பல முயல்கள் இறந்து போகின்றன. "முயல் ராசி இல்லை" என்று வீட்டில் சொல்லி விடுகிறார்கள்.

தண்ணீர்

முயல் தண்ணீர் குடிக்கும். நிறையவே குடிக்கும். 2 கிலோ எடை உள்ள முயல் ஒரு நாளில் 200 மில்லி அளவுக்குக் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும்.

பிறகு ஏன் பாட்டி அப்படிச் சொன்னார்? பச்சைப் புல்லில் நீர் இருக்கிறது. பச்சைப் புல் தின்னும் முயல் தண்ணீர்ப் பக்கம் அதிகம் போகாது. அதைப் பார்த்தவர்கள் தண்ணீரே வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். பாட்டி சொன்னதில் ஓர் உண்மையும் உண்டு. முயலைக் குளிப்பாட்டக் கூடாது. அதன் ரோமம் அடர்த்தியானது. நனைந்தால் எளிதில் காயாது. உடல் குளிர்ந்து போகும். பயத்திலேயே சில முயல்கள் இறந்து விடும். தன் உடம்பை அது தானே நக்கிச் சுத்தம் செய்து கொள்ளும். அழுக்கு ஒட்டிய இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

தண்ணீர் வைக்கக் கனமான மண் சட்டி நல்லது. பிளாஸ்டிக் கிண்ணத்தை முயல் கவிழ்த்து விளையாடும். பிறகு நாள் முழுவதும் தாகத்தோடு கிடக்கும்.

பல்லும் வயிறும்

நம் பல் ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்தி விடும். முயலின் பல் அப்படி அல்ல. சாகும் வரை வளர்ந்து கொண்டே இருக்கும். வாரத்துக்கு 2 மில்லி மீட்டருக்குக் குறையாது. அது தேய வேண்டும். எதனால் தேயும்? புல்லை அரைத்து அரைத்துத் தின்பதால் தேயும். கேரட், சோறு, பிஸ்கட் எதையும் புல்லைப் போல அரைத்து அரைத்துத் தின்ன வேண்டியதில்லை. அவற்றால் பல் தேயாது. பல் வளர்ந்து கன்னத்திலும் நாக்கிலும் குத்தும். தட்டு நிறைய உணவு இருந்தும் முயல் பட்டினி கிடக்கும்.

வயிற்றுக்கும் புல்தான் வேண்டும். முயலின் குடல் ஓடிக் கொண்டே இருக்க வேண்டும். நார் உள்ள உணவுதான் அதை ஓட்டும். இனிப்பும் மாவும் அதை நிறுத்தும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

ஆகவே புல்தான் முயலின் சோறு. பச்சைப் புல் தரலாம். காய்ந்த புல்லும் தரலாம். இரவும் பகலும் அதன் முன்னால் புல் இருக்க வேண்டும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை இவற்றைத் தினமும் கொஞ்சம் தரலாம். கேரட் கிழங்கு ஒரு சிறு துண்டு போதும். முயலுக்கு அது மிட்டாய் மாதிரி. கடையில் முயல் தீவனம் விற்கிறார்கள். அதையும் சிறிதளவுதான் தர வேண்டும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் கூடவே கூடாது.

நகரத்தில் புல்லுக்கு எங்கே போவது? அம்மாவும் இதைத்தான் கேட்டார். அவர் வேலைக்குப் போகும் வழியில் மாடு வைத்திருப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் வாரம் இரண்டு கட்டு வாங்கினார். பிள்ளையார் பூசைக்குப் பூக்கடையில் அருகம்புல் விற்பார்கள். முயலுக்கு அது மிகவும் பிடிக்கும். சாலை ஓரத்துப் புல்லைப் பறிக்காதீர்கள். அதில் வண்டிப் புகை படிந்திருக்கும். நாய் சிறுநீர் கழித்திருக்கும். எந்தப் புல்லையும் அலசி, நீரை உதறிப் போட வேண்டும். வைக்கோலைப் படுக்கையாகப் பரப்பலாம். அதில் சத்து குறைவு. அதையே முழு உணவாக்கி விடக் கூடாது.

பாட்டி பார்த்தது

ஒரு நாள் விடியற்காலை. பாட்டி எழுந்து விளக்கைப் போட்டார். முயல் குனிந்து தன் பின்பக்கத்தில் வாய் வைத்திருந்தது.

"அய்யய்யோ! அடியே, இங்கே வந்து பாரு. உன் வெள்ளச்சி பீ தின்னுது!"

வீடே எழுந்து விட்டது. பாட்டி அருவருத்துப் போனார். பெட்டியைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னார்.

பயப்பட ஒன்றும் இல்லை. முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று, உருண்டையான காய்ந்த புழுக்கை. அது கழிவு. இன்னொன்று மெத்தென்று இருக்கும். திராட்சைக் கொத்து போல ஒட்டியிருக்கும். அதில் சத்து மிச்சம் இருக்கிறது. முயல் அதைத் தரையில் விடாமல் வாயாலேயே எடுத்து விழுங்கி விடும். மாடு தின்றதை வாய்க்குக் கொண்டு வந்து அசை போடுகிறது அல்லவா? முயலின் முறை இது. தடுத்தால் அதன் உடம்பு கெடும்.

பாட்டி சமாதானம் ஆனார். ஆனாலும் முயலைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டம் சரியான சட்டம். படர்தாமரை போன்ற தோல் நோய்கள் முயலிடமிருந்து குழந்தைகளுக்கு ஒட்டும்.

மூலை போதாது

முயல் ஓடப் பிறந்தது. நாள் முழுவதும் கூண்டில் கிடந்தால் எலும்பு வலுவிழக்கும். தினமும் சில மணி நேரமாவது அறையில் ஓட விட வேண்டும். கம்பி வலை போட்ட தரை வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் மெத்தை உண்டு. முயலுக்கு ரோமம் மட்டும்தான். கம்பி அழுத்திப் புண் வரும். பழைய சாக்கு, பாய், துணி எதையாவது விரியுங்கள். காலில் நகமும் வளரும். மாதம் ஒரு முறை நுனியை வெட்ட வேண்டும். முதல் முறை மருத்துவரிடம் காட்டி எப்படி என்று கற்றுக் கொள்ளுங்கள். நகத்துக்குள் இரத்தக் குழாய் ஓடுகிறது.

வீடு நாறிப் போகாதா? போகாது. முயல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த இடம் எது என்று இரண்டு நாள் பாருங்கள். அங்கே ஒரு தட்டு வையுங்கள். தட்டில் பழைய செய்தித்தாள் போட்டு மேலே புல்லைப் பரப்புங்கள். தினமும் மாற்றுங்கள். வெள்ளச்சி ஒரு வாரத்தில் பழகி விட்டாள்.

ஒயர்தான் பெரிய தொல்லை. முயல் கண்ணுக்கு ஒயரும் வேரும் ஒன்றுதான். கடித்துத் துண்டாக்கி விடும். அந்த வீட்டில் போன் சார்ஜர் இரண்டு போயிற்று. நல்ல வேளை, அப்போது மின்சாரம் இல்லை. இருந்திருந்தால் முயல் போயிருக்கும். ஒயர்களை உயரத்தில் கட்டுங்கள். கடிப்பதற்கு மருந்து அடிக்காத கொய்யாக் குச்சி கொடுங்கள்.

தூக்கும் விதம்

காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். படத்தில் அப்படிக் காட்டுவார்கள். அது கொடுமை. ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுங்கள். மறு கையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள். முயலின் எலும்பு மிக மெல்லியது. பின்னங்காலின் வலு மிக அதிகம். பிடி சரியாக இல்லாவிட்டால் உதைக்கும். உதைத்த வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். சின்னக் குழந்தைகள் முயலைத் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து தடவட்டும்.

வெயில்

முயல் குளிரைத் தாங்கும். வெயிலைத் தாங்காது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 39 டிகிரி அளவில் இருக்கும். நமக்கு வேர்ப்பது போல அதற்கு வேர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அறையின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

பெங்களூருவில் பங்குனி, சித்திரையில் மட்டும் கவலை. சென்னையிலும் டில்லியிலும் நாக்பூரிலும் கோடையில் 40 டிகிரி சாதாரணம். பகலில் ஈரச் சாக்கைச் சன்னலில் தொங்க விடலாம். ஒரு பாட்டிலில் நீரை உறைய வைத்துத் துணி சுற்றி அருகில் வைக்கலாம். காதை ஈரத் துணியால் துடைக்கலாம். தகரக் கூரை வீட்டில் இதெல்லாம் போதாது. அங்கே கோடையில் மனிதரே தூங்க முடியாது. அந்த வீட்டுக்கு முயல் வேண்டாம்.

அம்மாவின் நோட்டு

அம்மா ஒரு பழைய நோட்டு எடுத்தார். தினமும் இரவில் ஒரு வரி எழுதினார். தேதி. புல் தின்றதா? தண்ணீர் குடித்ததா? புழுக்கை எவ்வளவு? புழுக்கையை எண்ண முடியாது. நல்ல முயல் ஒரு நாளில் 200, 300 கூடப் போடும். ஆகவே மூன்று சொற்களை வைத்துக் கொண்டார். நிறைய. குறைவு. இல்லை.

அப்பா சிரித்தார். "ரேஷன் கார்டு மாதிரி முயலுக்கும் கணக்கா?"

"எழுதிப் பழகிக்கிறேன். விடுங்க" என்றார் அம்மா.

தீபாவளி வந்தது. தெருவெல்லாம் வெடிச் சத்தம். வெள்ளச்சி கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கொண்டது. பின்னங்காலால் தரையைத் தட்டியது. ஆபத்து என்று அதற்குப் பொருள். யாரும் கவனிக்கவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு பண்டம் போட்டார்கள். அதிரசத் துண்டு, பிஸ்கட், பொரி.

மறுநாள் அம்மா நோட்டில் எழுதினார். புல் பாதி. புழுக்கை குறைவு. சின்னதாக இருக்கிறது.

அதற்கு மறுநாள் காலையில் புல் அப்படியே இருந்தது. தட்டில் புழுக்கை இல்லை. வெள்ளச்சி கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது.

"பண்டிகை அலுப்பு. நாளைக்குச் சரியாகிடும்" என்றார் அப்பா.

அம்மா நோட்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதமாக எழுதியிருக்கிறார். "இல்லை" என்ற சொல் ஒரு நாள் கூட இல்லை. இன்றுதான் முதல் முறை. அவர் வேலைக்கு லீவு சொன்னார். முயலைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்.

மருத்துவர் கேட்டார். "எப்போதிலிருந்து சாப்பிடலை?" அம்மா நோட்டை நீட்டினார். மருத்துவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மாவே வாசித்துக் கன்னடத்தில் சொன்னார்.

முயலின் குடல் நின்று போயிருந்தது. பயமும் இனிப்பும் சேர்ந்து செய்த வேலை. மருத்துவர் வலிக்கு ஊசி போட்டார். தோலுக்கு அடியில் நீர் ஏற்றினார். புல் தூளைக் கரைத்து ஊட்டச் சொன்னார். மறுநாள் மாலை தட்டில் நாலைந்து புழுக்கை கிடந்தது. பாட்டிதான் முதலில் பார்த்தார். புழுக்கையைப் பார்த்து அந்த வீடு அவ்வளவு மகிழ்ந்தது அன்றுதான்.

முயல் 12 மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நம் வீட்டு மாத்திரையை முயலுக்குக் கொடுக்காதீர்கள். பெனிசிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயல் இறந்து போகலாம். நாய்க்கு உண்ணி மருந்து என்று விற்பதில் சில முயலுக்கு விஷம். காதுக்குள் செதில் செதிலாகப் பொருக்கு இருந்தால் அது சொறிப் பூச்சி. அதற்கும் மருத்துவர் மருந்து தருவார். மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை முயல் நன்றாக இருக்கும் போதே விசாரித்து வையுங்கள். எல்லா மருத்துவருக்கும் முயல் வைத்தியம் பழக்கம் இல்லை. பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை உண்டு. அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக. ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜோடி வேண்டுமா?

"தனியா இருக்கே, பாவம். ஒரு ஆண் முயல் தர்றேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

முயலுக்குத் துணை பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முயல் 4, 5 மாதத்திலேயே பருவம் அடையும். சினைக் காலம் சுமார் 31 நாள். ஒரு ஈற்றில் 4 முதல் 8 குட்டி. ஈன்ற ஓரிரு நாளிலேயே மறுபடி சினைப்பிடிக்கும். ஓர் அறை வீட்டில் அத்தனை குட்டியை எங்கே வைப்பது? துணை வேண்டுமானால் கருத்தடை அறுவை செய்த பிறகு சேர்க்கலாம். பெண் முயலுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயதானால் கருப்பையில் புற்றுநோய் வருவது அதிகம்.

ஊரிலிருந்து மாமா போன் செய்தார். கடலைக் கொல்லையில் காட்டு முயல் குட்டி கிடைத்ததாம். கொண்டு வரட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் அண்ணே, எடுத்த இடத்திலேயே விட்டுடுங்க" என்றார் அம்மா. அவர் சொன்னது சரி. காட்டு முயல் வேறு இனம். வீட்டு முயல் ஸ்பெயின் நாட்டுப் பக்கத்துக் குழி முயலின் வழி வந்தது. அதன் குட்டி ரோமம் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தே பிறக்கும். தாய் பகலில் அருகில் இருக்காது. பால் கொடுக்க மட்டும் வரும். அநாதை என்று நினைத்துத் தூக்கி விடுகிறார்கள். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

வீட்டு முயலைக் கொண்டு போய்ப் பூங்காவில் விடுவதும் குற்றம்தான். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் அது இருக்கிறது. வெள்ளை முயல் புல்லில் ஒளிய முடியாது. முதல் இரவே நாய் பிடித்து விடும். நன்றாகப் பார்த்துக் கொண்டால் முயல் 8 முதல் 12 ஆண்டு வாழும். மகளுக்கு இப்போது 10 வயது. அவள் கல்லூரிக்குப் போகும் போதும் வெள்ளச்சி இருக்கும். அப்போது புல் வாங்கப் போவது யார்? அட்டைப் பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே பேச வேண்டிய பேச்சு இது.

படியுங்கள், பேசுங்கள்

இன்னொரு வீட்டு முயல் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறது.

திங்கள்: புல் தின்றது. தண்ணீர் குடித்தது. புழுக்கை நிறைய.
செவ்வாய்: புல் தின்றது. கேரட் 3 தின்றது. புழுக்கை நிறைய.
புதன்: புல் பாதி. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. புழுக்கை குறைவு.
வியாழன் காலை: புல் தொடவில்லை. புழுக்கை இல்லை. துள்ளவில்லை. தூங்குகிறது என்று விட்டோம்.

1. செவ்வாய்க்கிழமை நடந்த தவறு என்ன?
2. புதன்கிழமை நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?
3. வியாழன் காலை மணி 8. மருத்துவமனை 9 மணிக்குத் திறக்கும். முயலோடு எதை எதை எடுத்துக் கொண்டு போவீர்கள்? எழுதுங்கள்.